மதிப்பெண்ணும் மனச்சான்றும்

"ஐயா! நான் எழுதிய விடை சரிதானா?"

கேட்டவள், பத்தாம் வகுப்பு வரை நம்மிடம் தமிழ் படித்த மாணவி. இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். கையிலே திருத்தி முடித்த விடைத்தாள். வாங்கிப் பார்த்தோம். மனிதரில் பால் நிர்ணயம் எவ்வாறு நிகழ்கிறது என்று கேள்வி. குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தையிடமிருந்து வரும் விந்தணுவே என்று, படம் வரைந்து, பாகம் குறித்து, தெளிவாக எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்.

"முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாயே! பிறகு ஏன் ஐயம்?" என்றோம்.

சற்று நேரம் பேசாது நின்றாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "அப்படியானால் எங்கள் அப்பத்தா அம்மாவைத் திட்டுவது தவறுதானே, ஐயா? மூன்றும் பெண்ணாகப் பெற்றுவிட்டாள் என்று நாள்தோறும் பேச்சு. அப்பாவுக்கு வேறிடத்தில் பெண் பார்க்கப் போவதாகவும் சொல்கிறார்கள்."

நாம் என்ன சொன்னோம்? வெட்கத்தோடு எழுதுகிறோம். "வீட்டு வழக்கைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேர்வு நெருங்குகிறது, நீ படிக்கிற வேலையைப் பார், அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவள் விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். இக்கட்டிலிருந்து தப்பினோம் என்று அப்போது எண்ணினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு உண்மையாயிருந்த ஒன்று, அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் மட்டும் எப்படிப் பொய்யாகிவிடும்? தாளில் சரி என்று சிவப்பு மை போட்டவர்கள் நாம். வாய் திறந்து சரி என்று சொல்ல அஞ்சியவர்களும் நாமே!

இது ஒரு வீட்டுக் கதை அன்று, ஓர் அறக்கேள்வி. ஒன்றை உண்மை என அறிந்து, எழுதி, அதற்குரிய பரிசையும் பெற்றுக்கொண்ட ஒருவர், அந்த உண்மைக்குக் கடன்பட்டவரா, இல்லையா? அறிவுக்கும் நடத்தைக்கும் இடையே கடமை என்று ஒன்று உண்டா? அதைத்தான் இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பள்ளியைக் கடந்து பல்கலைக்கழகத்தை எட்டுவதற்கு முன் இளைஞர் நிற்கும் இடைவழி ஒன்று உண்டு. முன்னாளில் அதை இன்டர்மீடியட் என்றனர். பின்னர் புகுமுக வகுப்பு என்றனர். 1978 முதல் தமிழகத்தில் அது மேல்நிலைக் கல்வி என்ற பெயரில் பள்ளியோடு இணைந்தது. பெயர் மாறினாலும் வயது மாறவில்லை. பதினாறும் பதினேழும்! குழந்தை என்று தள்ளவும் முடியாது, முதிர்ந்தவர் என்று கொள்ளவும் முடியாது. அந்த வயதில் கற்கும் பாடங்களிலே உயிரியல் மட்டும் தனித்தன்மை உடையது.

வேதியியல் கற்பவர் உப்பையும் அமிலத்தையும் ஆராய்கிறார். அவர் உப்பும் அல்லர், அமிலமும் அல்லர். நிலவியல் கற்பவர் மலையையும் ஆற்றையும் ஆராய்கிறார். அவர் வேறு, மலை வேறு. ஆனால் உயிரியல் கற்பவரோ தம்மையே ஆராய்கிறார். இதயத்தின் நான்கு அறைகளைப் படமாக வரைகிற கைக்குக் குருதியை அனுப்பிக்கொண்டிருப்பது அதே நான்கு அறை இதயம். நரம்பைப் பற்றிப் படிக்கிறவர் நரம்பினால்தான் படிக்கிறார். தாயின் கருப்பையைப் பற்றி எழுதுகிறவர் அங்கிருந்துதான் வந்தவர். கற்பவரும் கற்கப்படும் பொருளும் ஒன்றாகிவிடும் இந்தப் பாடத்தைக் கற்றும் மாறாமல் இருப்பது எளிதன்று. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் மாறாமல் இருக்கிறோமே! அதுதான் வியப்பு, அதுதான் வேதனை.

அந்த மாணவி எழுதிய ஐந்து மதிப்பெண் விடையையே எடுத்துக்கொள்வோம். அது எங்கிருந்து வந்தது?

அமெரிக்க நாட்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்று ஓர் அம்மையார். 1861இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, முப்பத்தைந்து வயதில் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தவர். மாவிலே ஊருகிற சின்னஞ்சிறு புழுவின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பொறுமையாக எண்ணினார். பெண் புழுவின் அணுவில் பெரிய குரோமோசோம்கள் இருபது. ஆண் புழுவிலோ பெரியவை பத்தொன்பது; எஞ்சிய ஒன்று மிகச் சிறியது. அந்தச் சிறிய ஒன்றைத் தாங்கிய விந்தணு கருமுட்டையைச் சேர்ந்தால் ஆண். பெரியதைத் தாங்கியது சேர்ந்தால் பெண். 1905இல் இதை அவர் வெளியிட்டார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்ற அறிஞரும் தனியே ஆராய்ந்து இம்முடிவை ஒட்டியே வந்தார்.

மனிதரிலும் இதே முறைதான். இருபத்து மூன்று இணை, ஆக நாற்பத்தாறு குரோமோசோம்கள் என்பது 1956இல் உறுதியாயிற்று. தாயின் கருமுட்டை ஒவ்வொன்றிலும் இருப்பது எக்ஸ். தந்தையின் விந்தணுக்களில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். தாயிடம் கொடுப்பதற்கு எக்ஸ் தவிர வேறொன்றும் இல்லை. இல்லாத ஒன்றைக் கொடுக்கவில்லை என்பதற்காக அவளை ஏசுகிறது உலகம்! எத்தனை நூற்றாண்டுகள்! எத்தனை வீடுகள்! எத்தனை பெண்கள் 'ஆண் வாரிசு தரவில்லை' என்று வாழ்விழந்து வாசலுக்கு வந்தனர்!

சரி, இதைக் கற்றவர்கள் பெருகிய பிறகு நிலைமை திருந்தியதா? 1992இல் நம் தமிழகத்துச் சேலம் மாவட்டத்திலே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்தது, பிறந்த பெண்மகவைக் கொல்லாது அரசுத் தொட்டிலிலாவது விட்டுச் செல்லுங்கள் என்று கேட்பதற்கு. 1994இல், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதைத் தடுக்க நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. ஆயிரம் ஆண் பிறந்தால் ஏறத்தாழத் தொள்ளாயிரத்து ஐம்பது பெண் பிறப்பது இயற்கை. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பிலோ, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்குத் தொள்ளாயிரத்து இருபது பெண்கூட இந்திய நாட்டில் இல்லை.

கருவைப் படம் பிடிக்கும் கருவியைக் கையாண்டவர்கள் யார்? எழுத்தறியாதவர்களா? இல்லை. புகுமுக வகுப்பிலே உயிரியல் படித்து, நிறைய மதிப்பெண் வாங்கி, அதன் பலத்தால் மருத்துவப் பட்டம் பெற்றவர்களில் சிலர்தாம். அவர்களும் ஒரு நாள் இதே கேள்விக்கு இதே விடையை எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பார்கள்!

இன்னொரு பாடம், குருதி. ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்குக் குருதியை ஏற்றினால் சிலர் பிழைப்பதும் சிலர் மாள்வதும் ஏன் என்று விளங்காத காலம் ஒன்று இருந்தது. 1901இல் வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லேண்ட்ஸ்டைனர் அந்த முடிச்சை அவிழ்த்தார். மனிதக் குருதியில் வகைகள் உண்டு. வகை மாறினால் அணுக்கள் திரண்டு கட்டிக்கொள்ளும் என்று காட்டினார். மறு ஆண்டு நான்காம் வகையும் அறியப்பட்டது. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்த வகையினர் எந்த வகையினருக்குக் கொடுக்கலாம் என்ற அட்டவணையை நம் மாணவர்கள் உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

அந்த அட்டவணை சொல்வது என்ன? உடன்பிறந்த அண்ணனின் குருதி தம்பிக்கு ஆகாமற்போகலாம். முகமறியாத, ஊரறியாத, மொழியறியாத ஒருவரின் குருதி அவனைப் பிழைக்கவைக்கலாம். குருதி வங்கியின் பையிலே வகை எழுதியிருக்கிறது. எடுத்த நாள் எழுதியிருக்கிறது. சாதி எழுதியிருப்பதைக் கண்டவர் உண்டா? விபத்தில் அடிபட்டு அரைநினைவோடு கிடப்பவர், "ஏற்றப்போவது எந்தத் தெருக்காரர் குருதி?" என்று கேட்டதுண்டா? கேட்கமாட்டார். ஆனால் உடல் தேறி வீடு திரும்பி, மகளுக்கு மணம் பேசும் நாள் வந்ததும், "நம் இரத்தம் கலந்துவிடக் கூடாது" என்பார்! கலந்தது எப்போதோ, அய்யா! அதனால்தான் நீர் உயிரோடிருக்கிறீர்!

மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் திட்டம் 2003இல் முடிவெய்தியது. எந்த இரு மனிதரை எடுத்தாலும் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரைப் பங்குக்கு மேல் ஒன்றே என்று அறிந்தோம். அதுவும் பாடத்தில் இருக்கிறது. தேர்விலும் வருகிறது. தெருவில் மட்டும் வருவதில்லை.

இந்த இடத்தில் அறிவார்ந்த நண்பர் ஒருவர் நம்மை இடைமறிக்கலாம். "தம்பி, நீ உயிரியலிடம் அதற்கு இயலாததைக் கேட்கிறாய். இருப்பது இன்னது என்று சொல்வதே அறிவியல். செய்யத்தக்கது இன்னது என்று சொல்வது அறம். முன்னதிலிருந்து பின்னது தானாக முளைக்காது" என்பார்.

அவர் சொல்வது சரி, மறுக்கமாட்டோம். அதற்குக் கொடிய சான்றும் உண்டு. 1883இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர், நல்ல மரபினரைப் பெருக்கி அல்லாதாரைக் குறைக்கவேண்டும் என்ற கொள்கைக்குப் பெயர் சூட்டினார். இனமேம்பாட்டியல் என்று அதைத் தமிழில் சொல்கிறோம். 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், 'தகுதியற்றவர்' என முத்திரை குத்தப்பட்டோரைக் கட்டாயமாகக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. 1933இல் இட்லரின் செர்மனி அதே வழியில் இறங்கி, ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை அறுத்தது. அறுத்த கைகள் மருத்துவர் கைகள். அவர்கள் உயிரியல் அறியாதவர்கள் அல்லர். அறிந்ததைக் கொண்டு அழித்தவர்கள். ஆகவே உயிரியல் படித்தவுடன் ஒருவர் நல்லவராகிவிடுவார் என்று நாம் சொல்லவில்லை.

நம் மாணவியின் வீட்டையே பாருங்கள். பெண்ணாய்ப் பிறந்ததற்குக் காரணம் தாய் அன்று, தந்தையின் விந்தணு என்று நிறுவிவிட்டோம். அப்பத்தா என்ன சொல்லக்கூடும்? "அப்படியா! அப்போது குற்றம் என் மகன் மேல்தான்" என்று பழியை இடம் மாற்றக்கூடும். மருமகளைச் சுட்டிய விரல் மகனைச் சுட்டும். அது நீதியாகுமா? எந்த விந்தணு முந்தும் என்பது தந்தையின் கையிலும் இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெண் பிறந்தது குற்றம் என்று யார் சொன்னது? குற்றவாளி யார் என்று தேடுகிறோமே, குற்றம் எங்கே?

இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை எந்தக் குரோமோசோமிலும் இல்லை. நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. தமிழாசிரியரான நமக்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. அதன் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என்ற ஐந்தறிவுக்கும் மேலே மனத்தை ஆறாவதாக வைக்கிறது. காண்பதற்குக் கண் போதும். கண்டதை வைத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய ஆறாவது அறிவு வேண்டும்.

அப்படியானால் உயிரியல் நமக்குச் செய்த நன்மைதான் என்ன? பெரிய நன்மை ஒன்று செய்கிறது. தீமைக்கு நாம் போர்த்தியிருந்த போர்வையை அது உருவிவிடுகிறது.

எண்ணிப் பாருங்கள். 1905க்கு முன் வாழ்ந்த ஒரு மாமியார் மருமகளை ஏசினாள் என்றால், கொடுமை கொடுமைதான். ஆயினும் அறியாமை என்ற போர்வை அவளுக்கு இருந்தது. இன்று பாடத்தைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கிய ஒருவன் மனைவியை ஏசுகிறான் என்றால், அவனிடம் போர்வை ஏது? 'மாதவிலக்கு அழுக்கு' என்று பாட்டி சொன்னபோது அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கரு வந்து தங்குவதற்காகத் திங்கள்தோறும் கருப்பை விரித்துவைக்கும் மெத்தை, விருந்தாளி வராததால் கலைகிறது. அந்த மெத்தையில் தங்கித்தான் நாம் ஒவ்வொருவரும் உலகுக்கு வந்தோம் என்று படித்தவன், தன் தங்கையைத் திண்ணையில் தனியே படுக்கவைத்தால் அவன் என்ன சொல்லித் தப்புவான்? உயிரியல் நமக்கு அறத்தைக் கற்பிக்கவில்லை. "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமையைப் பறித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு செய்யும் கொடுமை, விழித்துக்கொண்டே செய்யும் கொடுமை. இதுதான் அறிவு நம்மேல் ஏற்றும் கடன்.

அறிவைக் கற்றவரின் கடன் இதுவென்றால், கற்பிப்பவரின் கடன் என்ன? இங்கேதான் நம்மினத்தாராகிய ஆசிரியர்களைப் பார்த்துப் பேசவேண்டியிருக்கிறது.

நாமும் மேல்நிலை வகுப்பிலே உயிரியல் படித்தவர்தாம். மனித இனப்பெருக்கம் என்ற பாடம் வந்த அன்று, ஆசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதை வீட்டில் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனார். பின்வரிசையில் சிரிப்பொலி. பெண்கள் பக்கத்தில் தலைகள் கவிழ்ந்தன. அந்தச் சிரிப்பில் நமக்கும் பங்குண்டு. ஆசிரியர் விட்ட இடத்தை யார் நிரப்பினார்கள்? தெரு மூலை நிரப்பியது. கைப்பேசித் திரை நிரப்பியது. பெண்ணைப் பண்டமாகக் காட்டும் படங்கள் நிரப்பின. பாடத்தைத் தாண்டிப் போன ஆசிரியர், மாணவர்க்கு நாணத்தைக் கற்பித்ததாக எண்ணிக்கொண்டார். உண்மையில், உருவி எறியவேண்டிய போர்வையை எடுத்து மறுபடியும் அவர்களுக்கே போர்த்திவிட்டார்.

நம்மிடம் வந்து கேட்ட மாணவிக்கு நாம் செய்ததும் அதுவேதான். அவரைக் குறை சொல்ல நமக்கென்ன தகுதி?

"தேர்வு நெருங்குகிறது" என்று சொன்னோமே, அந்தச் சொல்லையும் சற்று ஆராய்வோம். இன்று உயிரியல் ஒரு பாடமாக இல்லை, ஒரு கதவாகிவிட்டது. 2017 முதல் தமிழகத்தில் மருத்துவக் கல்லூரிக்கு நீட் தேர்வே வழி. அதன் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. ஆகவே தவளைக்கும் தாமரைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் காட்டும் அன்பெல்லாம் அந்த 360க்குக் காட்டும் அன்பு. கதவு திறந்தவர் உள்ளே போய்விடுகிறார். திறக்காத பெருங்கூட்டம், "இரண்டாண்டு படித்ததெல்லாம் வீண்" என்று புத்தகத்தைப் பழைய தாள் கடையில் போடுகிறது.

நமக்கும் இடம் கிடைக்கவில்லை. கலைக் கல்லூரியில் சேர்ந்தோம். "உயிரியல் படித்துவிட்டு இலக்கியமா? படிப்பை வீணாக்கிவிட்டாயே!" என்று உறவினர் வருந்தினர். நாமும் சில காலம் அப்படித்தான் எண்ணினோம். இன்று அந்த எண்ணம் இல்லை. நம் உடலை நாம் அறிவதற்கு மருத்துவராகவேண்டும் என்ற நிபந்தனை எதற்கு? சட்டக் கல்லூரியில் சேராதவனுக்கு நீதி தேவையில்லையா? சமையற்காரன் ஆகாதவனுக்குப் பசி இல்லையா? உயிரியல் கற்றவர் நூற்றுவரில் ஒருவர் மருத்துவராகலாம். நூற்றுவரும் மகனாக, மகளாக, கணவனாக, மனைவியாக, தாயாக, தந்தையாக ஆகிறார்கள். அந்த வேலைக்குத்தான் அந்தப் பாடம் முதலில் தேவை.

கதவைத் தாண்டி உள்ளே போனவர்களிலும் கற்றதை வாழ்க்கைக்குக் கொண்டுவந்தோர் உண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரை நினைத்துக்கொள்வோம். மருத்துவக் கல்லூரிக்கு முந்திய படிப்புக்காக அவ்வூர் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண்கள் படிக்குமிடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. தேவதாசிக் குலத்துத் தாயின் மகள் என்பது அவர்களுக்கு மேலும் ஒரு குறை! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். அம்மையார் படித்தார், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அத்தோடு நின்றாரா? 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947இல் அதற்குச் சட்டம் வந்தது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. உடலைப் பற்றிக் கற்ற ஒருவர், அந்த உடலை விற்பனைக்கு வைக்கும் வழக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

மற்றொன்றும் சொல்லவேண்டும். பதினோராம் வகுப்பு வாயிலில் நின்று, "எந்தக் குரூப்?" என்று கேட்கிறோம். கணக்குப் பதிவியல் என்றவரும், வரலாறு என்றவரும், தொழிற்கல்வி என்றவரும் அன்றோடு உயிரியலுக்கு விடை கொடுக்கிறார்கள். பதினைந்து வயதில் கேட்டதே அவர்கள் தம் உடலைப் பற்றிப் பள்ளியில் கேட்கும் கடைசிச் சொல். கீழ்வகுப்பில் எதையேனும் நீக்கினால், அது அவர்களுக்கு வாழ்நாள் முழுமைக்கும் நீங்கியதாகும். 2023இல் வடபுலத்தில் இது நடந்தது. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்துவிட்டது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் கையெழுத்திட்டுக் கண்டித்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்ற சமாதானம், உயிரியல் எடுத்தவருக்குப் பொருந்தும், எடுக்காதவர்களுக்கு? மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதை மருத்துவராகப் போகிறவர் மட்டும் அறிந்தால் போதுமா? வணிகம் படித்தவனும் பெண்ணை மணக்கிறான்; வரலாறு படித்தவளும் பிள்ளை பெறுகிறாள்.

1976இல் நம் அரசியல் சட்டத்தில் குடிமக்களின் கடமைகள் சேர்க்கப்பட்டன. அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்து சீர்திருத்தும் உணர்வையும் வளர்ப்பது அவற்றுள் ஒன்று. உயிரியல் எடுத்தவரின் கடமை என்று அங்கே எழுதவில்லை. ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று எழுதியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்ந்தவருக்கும் வாரம் ஒரு மணி நேரம் மனித உடலைப் பற்றிய பாடம் வேண்டும். மதிப்பெண் வேண்டா. மருண்டு பக்கம் புரட்டாத ஆசிரியர் ஒருவர் போதும்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிப்போம்.

ஒரு வாரம் கழித்து அவளைத் தேடிச் சென்று சொன்னோம்: "அன்று நீ கேட்டாயே, அதற்கு நாம் சரியாக விடை சொல்லவில்லை. நீ எழுதியது சரி. உன் அம்மா மேல் தவறில்லை. உன் அப்பா மேலும் இல்லை. நீங்கள் மூவரும் தவறே இல்லை. வீட்டுக்கு வந்து நாம் சொல்லட்டுமா?"

"வேண்டாம், ஐயா. நானே படித்துக் காட்டுகிறேன். நீங்கள் வந்து உட்கார்ந்திருந்தால் போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்பத்தா திண்ணையில் இருந்தார். உள்ளே போன தந்தை வெளியே வரவில்லை. கதவோரத்தில் தாய். அவள் புத்தகத்தை விரித்து, படத்தைக் காட்டி, பாடச் சொற்களை விட்டுவிட்டு வீட்டுச் சொற்களில் சொன்னாள். நடுவில் குரல் நடுங்கியது; நிறுத்தவில்லை. அப்பத்தா சினந்து எழுவார் என்று எதிர்பார்த்தோம். எழவில்லை. படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெல்லக் கேட்டார்: "எனக்கும் மூத்தது நாலும் பொண்ணுதான். ஒன்றுகூடத் தங்கலை. அஞ்சாவதுதான் உங்கப்பன். அதுவரைக்கும் என்னையும் இப்படித்தான் பேசினாங்க. அப்பவே இதை எங்களுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லையே, ஏன்?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. ஒரே நாளில் அந்த வீடு திருந்திவிட்டது என்றும் நாம் கூறமாட்டோம். ஆனால் அடுத்த வாரம் மாணவி வந்தபோது, பெண் பார்க்கும் பேச்சை அப்பத்தாவே நிறுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, தேர்வுக்குப் படிக்கவேண்டும் என்று விரைந்து போனாள்.

ஆசிரியத் தோழர்களே! அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது, பக்கத்தைப் புரட்டாதீர்கள்.